பெல்லட் கிரில்லில் வேக மோட்டார்: மூன்று குளிர்காலம் ஓட்டிப் பார்த்தது

அமெரிக்காவின் மினசோட்டாவில் ஜனவரி மாதம் கம்பளிக் குல்லாய், பூட்ஸ் சகிதம் கொல்லைப்புறத்தில் நின்று கோழி சுடுவதை வீடியோ காலில் பார்த்தால் ஊரில் இருக்கிறவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரிக்கட்டும். வருடத்தில் நாலைந்து மாதம் பனி கிடக்கிற இடத்தில், கோடைக்கு மட்டும் என்று ஒரு கிரில்லை வாங்கிப் போட மனம் வராது. ஆனால் என்னுடைய பெல்லட் கிரில் குளிரைக் கண்டால் படுத்துவிடும். வெளியே மைனஸ் 10 செல்சியஸ் என்றால், 450 டிகிரி ஃபாரன்ஹீட் கேட்டாலும் 380-ஐத் தாண்டாது. 380-இல் பீட்சா வெந்துவிடும், அடி மொறுமொறுக்காது. தந்தூரிக் கோழியும் அப்படித்தான். மசாலா கருகிப் பிடிக்காமல் நீர் விட்டுக்கொண்டு வேகும்.

இதற்காக மூன்று வருடம் முன்னால் ஒரு நவம்பரில் அதன் ஆகர் மோட்டாரைக் கழற்றிவிட்டு வேகமான ஒன்றை மாட்டினேன். அதிலிருந்து நாலைந்து நண்பர்கள் கேட்டுவிட்டார்கள், நாமும் மாற்றலாமா என்று. ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை.

பெல்லட் கிரில் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. மரத்தூளை அழுத்திச் செய்த, கோழித் தீவனம் மாதிரி இருக்கும் சின்னக் குச்சிகள்தான் பெல்லட். பக்கத்துத் தொட்டியில் கொட்டி வைத்தால், அடியில் இருக்கும் திருகுத் தண்டு (அதுதான் ஆகர்) மெல்லச் சுற்றி அவற்றை உள்ளே தள்ளும். நடுவில் ஃபயர்பாட் என்று ஒரு இரும்புக் கிண்ணம். அதில் விழுகிற குச்சியை ஒரு சூட்டுக்கம்பி பற்றவைக்கும், ஊதாங்குழல் வேலையை ஒரு சின்ன விசிறி பார்த்துக்கொள்ளும். 1980-களில் ஆரிகன் மாநிலத்தில் ஜோ ட்ரேகர் என்பவர் உருவாக்கிய ஏற்பாடு இது. 1986-இல் காப்புரிமை கிடைத்தது. இருபது வருடம் கழித்து அது காலாவதியான பிறகுதான் ஆளாளுக்கு இந்த கிரில்லைச் செய்ய ஆரம்பித்தார்கள்.

மோட்டார் பெரிய சமாச்சாரம் இல்லை. 120 வோல்ட்டில் ஓடும், உள்ளங்கையில் அடங்கும் கியர் மோட்டார். என்னுடையதில் கம்பெனி வைத்திருந்தது 1.6 ஆர்பிஎம். அதாவது நிமிடத்துக்கு ஒன்றரைச் சுற்றுக்குக் கொஞ்சம் மேல். நான் மாட்டியது 2.5.

மாற்றும் முன் உருப்படியாக ஒரு காரியம் செய்தேன். குளிரான ஒரு நாளில் 450-க்கு வைத்துவிட்டு, தொட்டிப் பக்கம் காதை வைத்துக் கேட்டேன். மோட்டாரின் முனகல் நாற்பது நிமிடம் நிற்கவே இல்லை. மூளைப் பலகை, அதாவது கன்ட்ரோலர், "இன்னும் போடு, இன்னும் போடு" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது, மோட்டாரால் அதற்கு மேல் கொடுக்க முடியவில்லை என்று அர்த்தம். உங்கள் கிரில்லில் சூடு ஏறாதபோதும் மோட்டார் நின்று நின்று ஓடுகிறது என்றால் கோளாறு மோட்டாரில் இல்லை. சென்சாரில் கரி படிந்திருக்கலாம், கன்ட்ரோலரே சரியில்லாமல் இருக்கலாம். இந்த ஒரு சோதனைக்குக் காசு செலவில்லை. நான் பேசிய பலர் இதைச் செய்யாமலே மோட்டார் வாங்கியிருந்தார்கள்.

வாடிக்கையாளர் சேவைக்கும் போன் போட்டேன். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. குளிர் நாளில் அப்படித்தான் இருக்கும், கோடையில் சரியாகிவிடும் என்றார் அந்தப் பக்கம் பேசியவர். கோடையில் சரியாகும் என்பது எனக்கும் தெரிந்திருந்தது.

மோட்டார் விலை முப்பது டாலர் சொச்சம். முதலில் வந்ததைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று, தப்பு என் மேல்தான். இந்த மோட்டார்கள் சுற்றும் திசை இரண்டு வகை. அச்சு நம்மைப் பார்த்தபடி இருக்க, வலஞ்சுழியாகச் சுற்றுவது ஒன்று, இடஞ்சுழியாகச் சுற்றுவது ஒன்று. வேகத்தை மட்டும் பார்த்து வாங்கிவிட்டேன். மாட்டி ஓட விட்டால், பெல்லட் கிண்ணத்தை நோக்கிப் போகாமல் மோட்டார் பக்கமாகவே திரும்பி வந்து நெரிபட்டது. அச்சின் தடிமன், அதில் இருக்கும் துளை, திருகுகளுக்கு இடையே உள்ள இடைவெளி, எல்லாவற்றையும் பழைய மோட்டாரோடு ஒட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதா என்றும் பாருங்கள். எனக்கு முடிந்திருந்தது.

மாட்டுவது அரைமணி நேர வேலை. பிளக்கைப் பிடுங்கி, தொட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினால் மோட்டார் கண் முன்னால் இருக்கும். ஆகர் தண்டையும் மோட்டார் அச்சையும் சேர்ப்பது குறுக்கே போகிற ஒரே ஒரு சின்ன போல்ட். ஆகர் சிக்கிக்கொண்டால் மோட்டார் சாகாமல் இது உடைய வேண்டும், அதற்காகவே மெல்லிசாக வைத்திருப்பது. எனக்குத் துருப்பிடித்து ஒட்டியிருந்தது. எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற வைத்த பிறகுதான் அசைந்தது.

பழையதைக் கழற்றும் முன் ஃபயர்பாட்டை எடுத்துவிட்டு, ஆகர் வாயில் ஒரு தட்டை வைத்துப் பத்து நிமிடம் தொடர்ந்து ஓட விட்டு, விழுந்த பெல்லட்டைச் சமையலறைத் தராசில் நிறுத்தேன். 240 கிராம். புது மோட்டாரில் அதே பத்து நிமிடத்துக்கு 365. மணிக்கணக்கில் பார்த்தால் சுமார் 1.4 கிலோ போய், சுமார் 2.2 கிலோ வந்தது. ஒரு பவுண்டு மரப் பெல்லட்டில் ஏறக்குறைய 8,000 பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு) இருக்கிறது என்று கொண்டால், உச்சத்தில் மணிக்கு 25,000 பிடியு தந்துகொண்டிருந்த அடுப்பு இப்போது 38,000 வரை தரலாம். தரலாம் என்றுதான் சொல்ல வேண்டும், ஏன் என்பது கீழே வரும்.

முதல் மாதம் தலைகால் புரியவில்லை. மைனஸ் 12 இருந்த ஒரு சனிக்கிழமை, முப்பத்தைந்து நிமிடத்தில் 450-ஐத் தொட்டது. பீட்சாவின் அடியில் சிறுத்தைப் புள்ளி விழுந்தது. கோழித் தொடையின் ஓரங்கள் கருகி, நான் கேட்டபடியே வந்தது. கோடையில் பெரிய வித்தியாசம் இல்லை. முன்பு இருபத்தைந்து நிமிடம் எடுத்த சூடு பதினெட்டில் வந்தது, அவ்வளவுதான்.

சங்கடம் மறுமுனையில் ஆரம்பித்தது. என் பழைய கன்ட்ரோலருக்குப் புது மோட்டார் வந்திருப்பது தெரியாது. புகை போடும் செட்டிங்கில் அது கணக்காக 15 விநாடி ஓட்டி, 65 விநாடி நிறுத்தும். பழைய மோட்டாரில் அது மணிக்கு 270 கிராம், 180 டிகிரியில் நிதானமாக நிற்கும். புதியதில் அதே 15 விநாடிக்கு மணிக்கு 410 கிராம் விழுகிறது. சூடு 220-க்கு ஏறிப்போனது. நிறுத்தும் நேரத்தை 85 விநாடி வரை நீட்ட ஒரு வசதி உண்டு, பி-4 என்பார்கள். அதில் வைத்தாலும் சுமார் 330 கிராம். ஆக, என் கிரில்லின் மிகக் குறைந்த தீயே பழைய புகை செட்டிங் தீயை விட அதிகம் என்றாகிவிட்டது. சால்மன் மீனை 180-இல் நாலு மணி நேரம் புகை காட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். அது அத்தோடு போயிற்று.

அப்புறம் மார்ச் மாதத்து விபத்து. பன்றி விலா போட்டு 225-இல் வைத்துவிட்டு உள்ளே வேலையாக இருந்தேன். வெளியே நல்ல காற்று. சமையலறை ஜன்னலிலிருந்து மனைவி கூப்பிட்டாள்.

"என்னங்க, பின்னாடி புகை மண்டுது. எப்பவும் இப்படித்தான் வருமா?"

எப்போதும் வருவது மெல்லிய நீலப் புகை. இது சுண்ணாம்பு கரைத்த மாதிரி கெட்டியான, மஞ்சள் கலந்த வெள்ளை. மூடியின் எல்லா விளிம்பிலிருந்தும் வழிந்துகொண்டிருந்தது. நான் கதவைத் திறப்பதற்குள் 'டப்' என்று ஒரு சத்தம். மூடி ஒரு சாண் எழும்பி விழுந்தது. கிரில் இருந்த இடத்திலேயேதான் இருந்தது, விலாதான் சாம்பல் பூசிக்கொண்டது.

ஆறின பிறகு திறந்து பார்த்தேன். ஃபயர்பாட்டில் பெல்லட் கோபுரமாகக் குவிந்து வெளியே சிந்தியிருந்தது. நடந்தது இதுதான்: எரிவதற்கு மேல் விழுந்ததால் தீ மூச்சுமுட்டி அணைந்தது. சூடு இறங்கியதைப் பார்த்த கன்ட்ரோலர், விறகு போதவில்லை என்று நினைத்து மேலும் தள்ளியது. அடியில் இருந்த கங்கு அத்தனையையும் புகைய வைத்து, கடைசியில் புகை மொத்தமாகத் தீப்பிடித்தது. உங்களுக்கு அந்த மஞ்சள் புகை வந்தால் மூடியைத் திறக்காதீர்கள், தள்ளி நில்லுங்கள், கிட்டே போகாமல் மின்சாரத்தை நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள். கிண்ணத்தைக் காலி செய்யாமல் மறுபடி பற்றவைக்கவே கூடாது.

அன்றைக்குத்தான் உறைத்தது, நான் விறகை மட்டும் கூட்டினேன், காற்றைக் கூட்டவில்லை என்று. விசிறி அதே பழைய விசிறி. கழற்றிப் பார்த்தால் இறக்கைகளில் பிசுக்கும் தூசியும் அரை இன்ச் கனத்துக்கு அப்பியிருந்தது. ஃபயர்பாட்டின் பக்கத் துளைகளில் பாதிக்கு மேல் அடைப்பு. பிரஷ் போட்டுத் தேய்த்து, துளைகளை ஆணியால் குத்தி விட்டு, புகைபோக்கித் தொப்பியை ஒரு விரல் உயர்த்தி வைத்தேன். சூடு இன்னும் பத்து நிமிடம் முன்னதாகவே ஏறியது, கரியும் குறைந்தது. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது: இந்தச் சுத்தத்தைப் பழைய மோட்டாரிலேயே செய்திருந்தால் எவ்வளவு ஏறியிருக்கும் என்று பார்த்திருக்கலாம். இப்போது இரண்டு மூட்டைக்கு ஒரு தடவை, அதாவது 40 பவுண்டு எரிந்ததும், சாம்பலை உறிஞ்சி எடுத்துவிடுகிறேன்.

இன்னொரு விஷயம் ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. ஒரே சக்தி உள்ள மோட்டாரில் கியரை மாற்றி வேகத்தைக் கூட்டினால், திருகும் பலம் குறையும். சைக்கிளில் பெரிய கியரில் மேடு ஏறுவது மாதிரி. பனி உருகும் ஏப்ரலில் தொட்டிக்குள் ஈரம் இறங்கி, பெல்லட் ஊதி மரத்தூளாகி, ஆகர் குழாய்க்குள் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். 1.6 அதை நொறுக்கிக்கொண்டு போய்விடும். 2.5 'உம்ம்' என்று முனகிவிட்டு நின்றுவிடுகிறது. இரண்டு தடவை குழாயைச் சுரண்டி எடுத்தேன். இப்போது சமையல் முடிந்ததும் தொட்டியைக் காலி செய்து, பெல்லட்டை மூடி போட்ட வாளியில் வைக்கிறேன். செய்ய வேண்டியதுதான், ஆனால் மைனஸ் 15-இல் கையுறையோடு செய்யும்போது யாரையாவது திட்டத் தோன்றும்.

இரண்டாவது வருடம் ஒரு கோமாளித்தனமும் செய்தேன். ஏப்ரலில் 1.6-ஐ மாட்டுவது, நவம்பரில் 2.5-ஐ மாட்டுவது. டயர் மாற்றுகிற மாதிரி. ஒரு சுற்று வந்ததும் அலுத்துவிட்டது. கடைசியில் பிஐடி கன்ட்ரோலர் (சூட்டை விடாமல் அளந்து தீயைத் தானே சரிசெய்யும் வகை) ஒன்று வாங்கினேன், மோட்டாரைப் போல ஐந்து மடங்கு விலை. குறைந்தபட்சம் எத்தனை விநாடி ஓட வேண்டும் என்பதை அதில் நாமே வைத்துக்கொள்ளலாம், விசிறி வேகத்தையும் அதுவே கூட்டிக் குறைக்கிறது. 225 இப்போது ஐந்து டிகிரி முன்னே பின்னே நிற்கிறது. ஆனாலும் 195-க்குக் கீழே நம்பி விட முடியவில்லை, தீ அணைந்துவிடுகிறது. மீனுக்கு இப்போது துளை போட்ட புகைக் குழாய் ஒன்றைத் தனியாகப் பற்றவைத்து உள்ளே வைக்கிறேன்.

இதற்கு நடுவில் வெல்டிங் செய்கிறவர்கள் பயன்படுத்தும் தீப்பிடிக்காத போர்வையை, மோட்டார் பக்கமும் புகைபோக்கியும் படாமல் கிரில் மேல் போர்த்திப் பார்த்தேன். முப்பது டாலர்தான். காற்றடிக்கும் நாளில் மோட்டார் மாற்றியதற்குச் சமமான பலன், பெல்லட்டும் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். மூடி விளிம்பில் சூடு தாங்கும் நார் வடம் ஒட்டி ஒழுக்கை அடைத்தது இன்னும் மலிவு. இன்றைக்கு முதலிலிருந்து ஆரம்பித்தால் சுத்தம், வடம், போர்வை, பிறகுதான் மோட்டார். ஆனால் 225-க்குக் கீழே சமைக்கிறவராக இருந்தால் பிஐடி இல்லாமல் இந்த மோட்டாரைத் தொடவே வேண்டாம்.

போன வாரம் சாம்பல் எடுக்கும்போது ஃபயர்பாட்டின் அடியில் வெளிச்சம் தெரிந்தது. கட்டை விரல் நுழையும் ஓட்டை. அதிகத் தீயில் தகடு தேய்ந்திருக்கிறது. இந்த முறை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஆர்டர் போட்டிருக்கிறேன், வியாழக்கிழமை வரும். பழைய 1.6 மோட்டார் போல்ட்டோடு காபி டப்பாவில் கராஜில் கிடக்கிறது. தூக்கிப் போடவில்லை.