ஃபர்ஸ்ட் லெகோ லீக், உலக ரோபோ ஒலிம்பியாட்: புள்ளிகள் எதற்குத் தரப்படுகின்றன?

தூத்துக்குடியில் நான் வழிநடத்தும் பள்ளி ரோபாட்டிக்ஸ் மன்றத்தில் ஒன்பது பிள்ளைகள் இருக்கிறார்கள். ரோபோ கட்டுவதற்கான பாகங்கள் அடங்கிய பெட்டி ஒன்றுதான் இருக்கிறது. 2022இல், பள்ளிப் பிள்ளைகளுக்கான உலகளாவிய ரோபோ போட்டியான உலக ரோபோ ஒலிம்பியாட்டின் ரோபோமிஷன் பிரிவில், அதாவது ரோபோ களத்தில் பொருள்களை உரிய இடத்தில் சேர்க்கும் பிரிவில், கலந்துகொண்டோம். அதன் பிறகு இரண்டு பருவங்கள், அதைப் போன்ற மற்றொரு போட்டியான ஃபர்ஸ்ட் லெகோ லீக்கின் சேலஞ்ச் பிரிவில் இருந்தோம். எந்தப் போட்டிக்குப் பிள்ளைகளை அனுப்புவது என்று கேட்கும் ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் நான் லெகோ லீக்கையே பரிந்துரைக்கிறேன். அதற்குக் காரணம் அங்கே புள்ளி வழங்கப்படும் விதம்.

பொதுவான விவரங்கள் பலருக்கும் தெரிந்தவையே. அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் 1989இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் அமைப்பும் லெகோ நிறுவனமும் சேர்ந்து 1998இல் லெகோ லீக்கை உருவாக்கின. உலக ரோபோ ஒலிம்பியாட் 2004இல் சிங்கப்பூரில் தொடங்கியது; 2016இல் அதன் உலக இறுதிப் போட்டி இந்தியாவில் நடந்தது. இரண்டிலும் ஆண்டுதோறும் புதிய களமும் புதிய பணிகளும் தரப்படுகின்றன. களத்தில் ரோபோ தானாகவே இயங்க வேண்டும். லெகோ லீக் அணியில் இரண்டு முதல் பத்துப் பேர் வரை இருக்கலாம், ஒலிம்பியாட் அணியில் இரண்டு அல்லது மூன்று பேர் மட்டுமே.

ரோபோமிஷனில் புள்ளிக் கணக்கு மிகத் தெளிவானது. ஓர் ஓட்டத்துக்கு இரண்டு நிமிடம். எந்தப் பொருள் எந்தக் கட்டத்தில் முழுமையாக வந்து நின்றதோ அதற்குரிய புள்ளி கிடைக்கும். இடையில் ரோபோவைத் தொட்டால் ஓட்டம் அத்துடன் முடிந்துவிடும். இரண்டு அணிகள் சமமாக வந்தால், குறைந்த நேரத்தில் முடித்த அணி முன்னே வைக்கப்படும். நாங்கள் சென்ற ஆண்டில், பிள்ளைகள் காலையில் ரோபோவை உதிரிப் பாகங்களிலிருந்து, கையில் வரைபடம் எதுவும் இல்லாமல், அங்கேயே கட்டி முடிக்க வேண்டியிருந்தது. அன்று காலையில்தான் அறிவிக்கப்பட்ட எதிர்பாராத கூடுதல் விதி ஒன்றையும் அவர்கள் நிரலில் சேர்க்க வேண்டியிருந்தது. பயிற்சியாளர் தடுப்புக்கு வெளியே நிற்க வேண்டும் என்பதால், பெரியவர் ஒருவர் எழுதிக் கொடுத்த நிரலை வைத்துக்கொண்டு சமாளிப்பது கடினம். இந்த ஒரு விஷயத்தில் ஒலிம்பியாட்டின் முறை மேலானது என்பதை நான் மனமார ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்தத் தெளிவு பிள்ளைகளிடம் எதைக் கொண்டு சேர்த்தது என்பதையும் சொல்ல வேண்டும். பள்ளியில் கோட்டைப் பிசகாமல் பின்தொடர்ந்த எங்கள் ரோபோ, அந்த அரங்கத்தின் விளக்கொளியில் ஒளி உணரியின் அளவுகள் மாறிப்போனதால், முதல் வளைவிலேயே கோட்டை விட்டு விலகிவிட்டது. நடுவர் எழுதிய புள்ளித் தாளில் தவறு எதுவும் இல்லை. பிள்ளைகளும் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டார்கள். அத்தாளில் இருந்தவை எண்கள் மட்டுமே. ஆறு மாதம் அவர்கள் கியர் விகிதங்களை மாற்றி மாற்றிச் சோதித்ததும், தூக்கும் கையை நான்கு முறை புதிதாக வடிவமைத்ததும், நிரலைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து எழுதக் கற்றுக்கொண்டதும் அந்த எண்களுக்குள் எங்கும் இல்லை.

லெகோ லீக்கில் சாம்பியன் விருதுக்கு நான்கு பகுதிகள் சம எடையுடன் கணக்கில் கொள்ளப்படுகின்றன: ரோபோ விளையாட்டு, ரோபோ வடிவமைப்பு, புத்தாக்கத் திட்டம் (ஒரு சிக்கலுக்குத் தீர்வு காண்பது), அடிப்படை விழுமியங்கள் (குழுவாகச் சேர்ந்து இயங்கும் விதம்). மேசையில் ரோபோ ஓடி ஈட்டும் புள்ளி இதில் கால் பங்குதான். அந்த ஓட்டமும் இரண்டரை நிமிடம் கொண்டது; அதிகாரபூர்வமான மூன்று ஓட்டங்களில் சிறந்தது எடுத்துக்கொள்ளப்படும். பிள்ளைகள் ரோபோவைக் கையாள அனுமதியுள்ள வீட்டுப் பகுதிக்கு வெளியே அதைத் தொட்டால் ஆட்டம் முடிந்துவிடாது. தொடக்கத்தில் அணிக்குத் தரப்படும், புள்ளி மதிப்புள்ள சிறு வட்டுகளான ஆறு துல்லிய வில்லைகளில் ஒன்று பறிபோகும். கடைசியில் ஐந்தோ ஆறோ மிஞ்சினால் 50 புள்ளிகள், ஒன்றே ஒன்று மிஞ்சினால் 10 புள்ளிகள். ஒரு பணியை விட்டுவிடுவதா, வில்லையைக் கொடுத்து ரோபோவை மீட்பதா என்பதைப் பிள்ளைகள் அந்தக் கணத்தில் முடிவு செய்ய வேண்டும். அப்படி ஓடும் கடிகாரத்துக்கு எதிரே நின்று அவர்கள் பேசி முடிவெடுத்ததைப் பார்த்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது.

என் முடிவைத் தீர்மானித்தது மீதி முக்கால் பங்கு. ஓர் அணி பருவம் முழுவதும் தன் உழைப்பை எப்படிப் பங்கிட்டுக்கொள்கிறது என்பதைப் புள்ளித் திட்டமே தீர்மானிக்கிறது என்பதை நான் இரண்டு போட்டிகளையும் பார்த்த பிறகே உணர்ந்தேன். ஒலிம்பியாட்டுக்குச் சென்ற ஆண்டில் மூன்று பேர் அணியானார்கள். மற்ற ஆறு பேர் மேசையைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அந்த மூவரிலும், அதிகப் புள்ளி பெறும் வழி விரைவாக நிரல் எழுதுவதே என்பதால், நன்றாக நிரல் எழுதத் தெரிந்த ஒருவனிடமே மடிக்கணினி தங்கிவிட்டது. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. புள்ளி கிடைக்கும் வேலையைத் தேர்ந்த கையிடம் விடுவது எந்தக் குழுவும் செய்வதுதான்.

2024–25 பருவத்தில் லெகோ லீக்கின் கருப்பொருள் கடலாய்வு. கடலுக்குள் இறங்கி வேலை செய்வோர் எதிர்கொள்ளும் சிக்கல் ஒன்றைக் கண்டறிந்து தீர்வு காண வேண்டும். எங்கள் ஊரில் சங்கு குளிப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதால் பிள்ளைகள் வேறெங்கும் தேட வேண்டியிருக்கவில்லை. நிரல் பக்கமே வராத ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தன் உறவினரான சங்குக் குளியாளர் ஒருவரிடம் பேசி, படகில் இருப்பவருக்கும் கீழே மூழ்கியிருப்பவருக்கும் இடையே செய்தி சொல்லக் கயிற்றை இழுப்பதைத் தவிர வேறு வழியில்லாமல் இருப்பதை எழுதிக்கொண்டு வந்தாள். அணியின் திட்டம் முழுவதும் அதிலிருந்தே பிறந்தது. புள்ளிக் கணக்கில் அவளுடைய வேலைக்கும் நிரல் எழுதியவனுடைய வேலைக்கும் ஒரே எடை என்பது தெரிந்த பிறகு, மன்றத்தில் பேச்சே மாறிவிட்டது. ஒன்பது பேருக்கும் செய்வதற்கு வேலை இருந்தது.

மதிப்பீட்டு அறையில் அணிக்கு முப்பது நிமிடம் தரப்படுகிறது. திட்டத்தை விளக்க ஐந்து நிமிடம், அதைப் பற்றிய கேள்விகளுக்கு ஐந்து நிமிடம், ரோபோ வடிவமைப்புக்கும் அவ்வாறே. மதிப்பீட்டுத் தாளில் ஒவ்வொரு அம்சத்துக்கும் நான்கு நிலைகள் உண்டு. மிக உயர்ந்த நிலையைத் தரும் மதிப்பீட்டாளர், அணி எதில் எதிர்பார்ப்பை விஞ்சியது என்பதை எழுத வேண்டும். எங்களுக்குக் கிடைத்த தாளில், தூக்கும் கையைச் சோதித்து மாற்றிய பதிவுகளைப் பற்றி ஒரு வரியும், தீர்வை இன்னும் பலரிடம் காட்டிக் கருத்துப் பெற்றிருக்கலாம் என்று மற்றொரு வரியும் இருந்தன. விருது எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் அடுத்த வாரமே பிள்ளைகள் அந்த இரண்டாவது வரியை எடுத்து வைத்துக்கொண்டு படகுத்துறைக்குப் போனார்கள்.

இந்த முறையின் குறையையும் மறைக்க விரும்பவில்லை. மேசைப் புள்ளியைப் போல, பேச்சுக்குத் தரப்படும் நிலையை யாரும் அளவுகோல் வைத்துச் சரிபார்க்க முடியாது. ஆங்கிலத்தில் சரளமாகப் பேசும் அணியின் விளக்கம் இயல்பாகவே நன்றாக ஒலிக்கும். முதல் பருவத்தில் எங்கள் தமிழ்வழிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து ஒப்பித்தார்கள். கேள்வி வந்ததும் திகைத்து நின்றார்கள். இரண்டாம் பருவத்தில் விளக்கத்தை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு, பதில் தமிழில் வந்தால் தமிழிலேயே சொல்லும்படி பழக்கினேன். அறையில் இருந்தவர்களில் ஒருவருக்குத் தமிழ் தெரிந்திருந்தது எங்கள் நல்வாய்ப்பு. எல்லா இடத்திலும் அப்படி அமையும் என்று என்னால் சொல்ல முடியாது. பிள்ளைகளின் பேச்சில் கூச்சம் மிகுதியாகவும் கைவேலையில் திறமை மிகுதியாகவும் இருந்தால், அவர்களுக்கு ரோபோமிஷன் கூடுதல் நியாயம் செய்யக்கூடும். ஒலிம்பியாட்டிலேயே திட்டத்தை விளக்கும் ஃபியூச்சர் இன்னோவேட்டர்ஸ் பிரிவு உண்டு. அதில் நாங்கள் கலந்துகொண்டதில்லை என்பதால் அதைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்வது முறையாகாது. ரோபோமிஷனிலும் எங்கள் அனுபவம் ஒரே ஆண்டுதான். மூன்று பெட்டிகள் வாங்கி மூன்று அணிகளை அனுப்பக்கூடிய பள்ளிக்கு, வேலைப் பங்கீடு பற்றிய என் வாதம் பாதி வலுவிழந்துவிடும்.

எங்கள் மூத்த பிள்ளைகள் இருவர் பதினோராம் வகுப்புக்கு வந்துவிட்டார்கள். லெகோ லீக் சேலஞ்ச் இங்கே 9 முதல் 16 வயது வரைதான். ரோபோமிஷனின் மூத்தோர் பிரிவில் 19 வயது வரை இடம் உண்டு. ஆகவே அவர்கள் இருவரும் இந்த ஆண்டு ஒலிம்பியாட்டுக்குத் தயாராகிறார்கள், மற்ற ஏழு பேரும் லெகோ லீக்கிலேயே தொடர்கிறார்கள். பெட்டி ஒன்றே என்பதால், திங்கள், புதன், வெள்ளி இளையவர்களுக்கு, செவ்வாயும் வியாழனும் மூத்தவர்களுக்கு என்று கரும்பலகையில் எழுதி வைத்திருக்கிறோம்.