பழைய டிவியில் செயலி நின்றுபோனால்: புது டிவியா, ஸ்டிக்கா, செட் டாப் பாக்ஸா?

2025 ஜூன் தொடக்கத்தில் அமேசானின் முதல் தலைமுறை ஃபயர் டிவி கருவிகளில் நெட்ஃபிளிக்ஸ் நின்றுபோனது. அதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பு, 2024 ஜூலை 31ஆம் தேதியோடு, ஆப்பிள் டிவியின் இரண்டாம், மூன்றாம் தலைமுறைப் பெட்டிகளில் அதே சேவை முடிவுக்கு வந்தது. இன்னும் பின்னோக்கிப் போனால், 2019 டிசம்பரில் 2010, 2011ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த சில சாம்சங் டிவிகளும், டிவியோடு இணைக்கும் ஸ்ட்ரீமிங் பெட்டிகளைத் தயாரிக்கும் அமெரிக்க நிறுவனமான ரோக்குவின் தொடக்ககாலப் பெட்டிகளும் இதே நிலைக்கு வந்தன. இவற்றில் எந்தக் கருவியும் பழுதாகவில்லை. சாம்சங் டிவிகளில் படமும் ஒலியும் முன்பு போலவே இருந்தன. செயலி மட்டுமே திறக்க மறுத்தது. ஆனாலும் அடுத்த மாதமே கடைக்குப் போய்ப் புது டிவி வாங்கும் குடும்பங்கள் பல உள்ளன என்பதால், அந்தச் செலவு தேவைதானா, வேறு என்னென்ன வழிகள் உள்ளன, அவற்றில் எது எவ்வளவு காலம் தாங்கும் என்பவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது.

ஒப்பீட்டுக்கு முன், செயலி ஏன் நிற்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். காரணம் தெரியாமல் வாங்கும் மாற்றுக் கருவியும் சில ஆண்டுகளில் அதே காரணத்தால் நின்றுபோகும். திரைப்படங்களைத் திருட்டுப் பிரதி எடுக்க முடியாதபடி பூட்டி அனுப்பும் தொழில்நுட்பம் காலத்துக்குக் காலம் மாறுகிறது. 2019இல் கைவிடப்பட்ட கருவிகள் விண்டோஸ் மீடியா டிஆர்எம் என்ற பழைய பூட்டை மட்டுமே அறிந்தவை. நெட்ஃபிளிக்ஸோ 2010லேயே பிளேரெடி என்ற அடுத்த முறைக்கு மாறத் தொடங்கிவிட்டது. அடுத்தது, காணொளியைச் சுருக்கி அனுப்பும் முறை. 2018இல் வெளியான ஏவி1 என்ற முறையைக் கூகுள், அமேசான், நெட்ஃபிளிக்ஸ் ஆகிய மூன்றும் ஆதரிக்கின்றன. அதைத் தடங்கலின்றி விரித்துக் காட்ட அதற்கான வன்பொருள் சிப்பிலேயே இருக்க வேண்டும். பழைய டிவிக்கு எந்த அப்டேட் அனுப்பினாலும் அது வந்துவிடாது. இவற்றோடு, பத்தாண்டுக்கு முந்தைய கருவிகளின் நினைவகம் மிகக் குறைவு என்பதும், ஒவ்வொரு பழைய மாடலிலும் புதுப் பதிப்பைச் சோதித்துப் பார்க்க ஆகும் செலவும் சேர்ந்துகொள்கின்றன.

இன்னொரு காரணம் அதிகம் பேசப்படாதது. கருவியும் சேவையின் கணினியும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளப் பயன்படும் டிஜிட்டல் சான்றிதழ்களுக்குக் காலாவதித் தேதி உண்டு. 2020 மே 30 அன்று மற்றச் சான்றிதழ்களுக்கு அடிப்படையான ஒரு பழைய மூலச் சான்றிதழ் காலாவதியானபோது ரோக்கு கருவிகள் பலவற்றில் சில சேனல்கள் திடீரென இயங்கவில்லை. 2025 மார்ச்சில் கைப்பேசியிலிருந்து டிவிக்குக் காணொளி அனுப்ப உதவும் கூகுளின் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட் கருவிகள் ஒரே நாளில் உலகம் முழுவதும் முடங்கியதற்கும் சான்றிதழ் காலாவதியே காரணம். அவை 2015இல் வந்தவை. இருந்தும் கூகுள் சில நாட்களிலேயே திருத்தம் அனுப்பியதால் அவை மீண்டும் உயிர் பெற்றன. தயாரித்தவர் பொறுப்பேற்றால் பத்தாண்டுக் கருவியும் பிழைக்கும். கைவிட்டால் இரண்டாண்டுக் கருவியும் வீண் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. எனவே படத்தின் துல்லியத்தையோ விலையையோ முதலில் வைக்காமல், எந்த நிறுவனம், எத்தனை ஆண்டுகளுக்கு, எதற்குப் பொறுப்பேற்கிறது என்பதையே இந்த ஒப்பீட்டின் முதல் அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன்.

அந்த அளவுகோலில் புது ஸ்மார்ட் டிவியின் நிலை முன்பைவிட மேம்பட்டிருக்கிறது. சாம்சங் தனது 2024ஆம் ஆண்டு மாடல்களுக்கும் 2023 மாடல்களில் சிலவற்றுக்கும் ஏழு ஆண்டுகள் வரை டைசன் இயங்குதளத்தைப் புதுப்பித்துத் தருவதாக அறிவித்தது. எல்ஜி, ஐந்து ஆண்டுகளில் நான்கு முறை தனது வெப்ஓஎஸ் இயங்குதளம் மேம்படுத்தப்படும் என்று 2024 தொடக்கத்தில் கூறியது. இந்தியாவில் 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததும் வாங்குவோருக்குச் சாதகமே. ஆனால் இந்த வாக்குறுதிகளை வரிக்கு வரி படிக்க வேண்டும். ஆண்டுக் கணக்கு பொதுவாக மாடல் வெளியான ஆண்டிலிருந்து ஓடுகிறதே தவிர, நாம் பணம் கட்டிய நாளிலிருந்து அன்று. தீபாவளி தள்ளுபடியில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் முந்தைய ஆண்டின் சரக்கு என்பதால், ஐந்தாண்டு என்று நினைத்து வாங்கியது வீட்டுக்கு வரும்போதே மூன்றரை ஆண்டாகச் சுருங்கியிருக்கலாம். எல்ஜியின் ஓஎல்இடி வரிசையில் சி3 என்றால் 2023, சி4 என்றால் 2024 என்பதுபோல, மாடல் பெயரிலேயே ஆண்டு ஒளிந்திருக்கும். கடைக்காரரிடம் கேட்பதைவிட அட்டைப்பெட்டியின் மேல் உள்ள மாடல் எண்ணைப் பார்ப்பதே நம்பகமானது. மேலும், இயங்குதளத்தைப் புதுப்பிப்பது டிவி நிறுவனத்தின் கையில் இருக்கிறது. செயலியைத் தொடர்வது ஸ்ட்ரீமிங் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. முன்னது தரும் வாக்கு பின்னதைக் கட்டுப்படுத்தாது.

இதில் மிகவும் ஏமாற்றம் தருபவை, எந்த ஆண்டுக் கணக்கும் தராமல், 1 ஜிபி அல்லது 1.5 ஜிபி நினைவகத்தோடும் 8 ஜிபி சேமிப்பிடத்தோடும் விற்கப்படும் மலிவு விலை ஸ்மார்ட் டிவிகள். வாங்கிய புதிதில் சுறுசுறுப்பாக இருக்கும் அவை, செயலிகள் ஒவ்வொரு அப்டேட்டிலும் பெருக்கப் பெருக்கத் திணறத் தொடங்கும். அப்படிப்பட்ட டிவியை வாங்குபவர் திரைக்காக மட்டும் வாங்குகிறார் என்றால் தவறில்லை; உள்ளே இருக்கும் மென்பொருளை நம்பி வாங்கக் கூடாது.

இருக்கும் டிவியின் எச்டிஎம்ஐ துளையில் செருகும் ஸ்டிக் அல்லது சிறு பெட்டிதான் என் முதல் பரிந்துரை. சந்தா செயலிகள் அனைத்தும் அந்தச் சிறு கருவிக்குள் ஓடுவதால், அது பழையதாகும்போது அதை மட்டும் மாற்றினால் போதும். திரை அதன் ஆயுள் முழுவதும் உழைக்கலாம். 2017 ஏப்ரலில் ஃபயர் டிவி ஸ்டிக் இந்தியாவுக்கு வந்தபோது அதன் விலை 3,999 ரூபாய். இன்றும் ஒரு சாதாரண ஸ்டிக்கின் விலை புது டிவியின் விலையில் சிறு பகுதிதான். அமேசான், ஒரு ஃபயர் டிவி கருவியைப் புதிதாக விற்பதை நிறுத்திய பிறகும் குறைந்தது நான்கு ஆண்டுகள் பாதுகாப்பு அப்டேட் தருவதாக எழுத்துப்பூர்வமாகக் கூறுகிறது. கணக்கு விற்பனை நின்ற நாளிலிருந்து தொடங்குவதால் இது வாங்குபவருக்கு நேர்மையான ஏற்பாடு. ஒரே ஓர் எச்சரிக்கை: 2025இல் வந்த ஃபயர் டிவி ஸ்டிக் 4கே செலக்ட், ஆண்ட்ராய்டை விட்டு வேகா என்ற புதிய இயங்குதளத்தில் ஓடுகிறது, வெளியிலிருந்து செயலிகளை ஏற்ற அதில் வழியில்லை. எனவே சன் நெக்ஸ்ட், ஆஹா போன்ற நம் செயலிகள் அந்த மாடலின் செயலிக் கடையில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டே வாங்க வேண்டும்.

நீண்ட ஆயுளை மட்டும் பார்த்தால் ஆப்பிள் டிவிக்கு நிகரில்லை. 2015இல் வெளிவந்த ஆப்பிள் டிவி எச்டி, 2025இல் வந்த டிவிஓஎஸ் 26 என்ற இயங்குதளப் பதிப்பையும் ஏற்கிறது. ஒரே பெட்டி பத்து ஆண்டுகளுக்கும் மேலாகப் புதிய இயங்குதளத்தைப் பெற்று வருவது இந்தத் துறையில் அரிது. ஆப்பிள் டிவி 4கே 2022இல் 14,900 ரூபாய்க்கு அறிமுகமானபோது பலரும் விலையைக் கண்டு ஒதுங்கினார்கள்; பத்தாண்டு உழைத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 ரூபாய்தான். ஆனால் ஐபோன் இல்லாத வீட்டில் அதன் வசதிகளில் ஒரு பகுதி பயன்படாமலே கிடக்கும். அப்படிப்பட்ட வீட்டுக்கு, நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை மலிவான ஸ்டிக்கை மாற்றுவதே சிக்கனம்.

ஸ்டிக் பொருத்தும்போது இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். டிவியின் பின்னால் உள்ள யுஎஸ்பி துளையிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளலாம் என்று பலரும் எண்ணுகிறார்கள். பழைய டிவிகளின் யுஎஸ்பி துளை பெரும்பாலும் 2.5 வாட் மட்டுமே தரும். ஸ்டிக்குக்கு 5 வாட் வேண்டும். அதனால் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அது அணைந்து, முதலிலிருந்து கிளம்பும். கருவி பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்புவோரும் உண்டு. பெட்டியில் வரும் அடாப்டரைச் சுவர் பிளக்கில் செருகினாலே இந்தத் தொல்லை தீர்ந்துவிடும். மற்றொன்று ரிமோட். டிவிக்கு ஒன்று, ஸ்டிக்குக்கு ஒன்று, டிடிஎச்சுக்கு ஒன்று என்று மூன்று ரிமோட்டுகளை வைத்துக்கொண்டு பெரியவர்கள் படும் சிரமம் உண்மையானது. அதை அலட்சியப்படுத்தி எந்தப் பரிந்துரையும் செய்ய முடியாது. டிவியின் அமைப்புகளில் சிஇசி என்ற வசதியை இயக்கினால், ஸ்டிக்கின் ரிமோட்டை அழுத்தியதும் டிவி தானாக எழுந்து சரியான உள்ளீட்டுக்கு மாறிக்கொள்ளும். சாம்சங்கில் அது எனிநெட்+ என்றும், எல்ஜியில் சிம்ப்லிங்க் என்றும், சோனியில் பிராவியா சிங்க் என்றும் இருப்பதால்தான் பலருக்கும் கண்ணில் படுவதில்லை.

பிராட்பேண்ட் அல்லது டிடிஎச் நிறுவனம் தரும் பெட்டியைப் பற்றி எனக்குக் கலவையான கருத்தே உண்டு. ஏர்டெல் எக்ஸ்ட்ரீம், டாடா ப்ளே பிஞ்ச்+ போன்ற பெட்டிகளில் சேனல்களும் செயலிகளும் ஒரே ரிமோட்டில் வருகின்றன. மாலையில் சீரியலும் இரவில் ஓடிடியும் பார்க்கும் கூட்டுக் குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. ஆனால் அந்தப் பெட்டிக்கு எந்த அப்டேட் எப்போது வரும் என்பது இணைப்பு நிறுவனத்தின் விருப்பம். எத்தனை ஆண்டு ஆதரவு என்ற வாக்கை வாங்கும்போது யாரும் எழுதித் தருவதில்லை. இணைப்பை மாற்றினால் பெட்டியைத் திருப்பித் தர வேண்டிய நிலையும் ஏற்படலாம். வாடகை வீடு மாறுவோரும், ஆண்டுக்கு ஒருமுறை மலிவான திட்டம் தேடுவோரும் இதையே ஒரே வழியாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

மடிக்கணினியை எச்டிஎம்ஐ கம்பியால் இணைப்பது செலவில்லாத வழி. எப்போதாவது படம் பார்ப்பவருக்குப் போதும். கைப்பேசியிலிருந்து திரைக்கு அனுப்புவதை மட்டும் நம்பியிருப்பது இனி சரிவராது. 2025 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸ், தனி ரிமோட் உள்ள பெரும்பாலான டிவிகளுக்கும் கருவிகளுக்கும் கைப்பேசியிலிருந்து காஸ்ட் செய்யும் வசதியை நிறுத்திவிட்டது. ரிமோட் இல்லாத பழைய குரோம்காஸ்ட்டுகளிலும் சில டிவிகளிலும் மட்டும், அதுவும் விளம்பரமில்லாத் திட்டங்களுக்கு, அது தொடர்கிறது.

பெயர் தெரியாத நிறுவனங்களின் மலிவான ஆண்ட்ராய்டு பெட்டிகளை இந்த ஒப்பீட்டில் நான் ஒரு தெரிவாகவே சேர்க்கவில்லை. ஆதரவுக் காலம் என்ற பேச்சே அவற்றில் இல்லை என்பது ஒருபுறம் இருக்க, 2024இல் வோய்டு என்ற தீநிரல் (மால்வேர்) 197 நாடுகளில் ஏறத்தாழ 13 லட்சம் டிவி பெட்டிகளைத் தொற்றியிருப்பது கண்டறியப்பட்டது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ, பேட்பாக்ஸ் 2.0 என்ற தீநிரல் வலை குறித்து வெளியிட்ட எச்சரிக்கையில், இத்தகைய கருவிகள் சில, விற்பனைக்கு வரும் முன்பே தீநிரலோடு வருகின்றன என்று கூறியது. வீட்டு வைஃபையில் அப்படியொரு பெட்டியைச் சேர்ப்பது, அதே வைஃபையில் இருக்கும் வங்கிச் செயலிக்கும் குழந்தைகளின் கணினிக்கும் ஆபத்தை அழைப்பதாகும்.

ஸ்டிக் அல்லது பெட்டியைப் பொருத்தி முடித்ததும், பழைய டிவியை வைஃபையிலிருந்து துண்டித்துவிட வேண்டும். அப்டேட் வராத இயங்குதளம் இணையத்தில் இணைந்தே கிடக்கத் தேவையில்லை. இனி அது வெறும் திரைதான். அதற்கு முன் டிவியில் உள்ள எல்லாச் செயலிகளிலிருந்தும் வெளியேற வேண்டும். செயலியே திறக்காத நிலையில், கைப்பேசியிலோ கணினியிலோ கணக்கின் அமைப்புகளுக்குப் போய், இணைக்கப்பட்ட கருவிகளின் பட்டியலில் அந்த டிவியைத் தேடி நீக்கலாம்.