யுஆர்ஏ 'ஸ்பேஸ்' வரைபடமும் ஆட்சேபம் சொல்லும் வழியும்: தேக்கா கடைக்காரர்களுக்காக ஒரு மதிப்பீடு

சிங்கப்பூரின் நகர மறுசீரமைப்பு ஆணையம் (யுஆர்ஏ) நடத்தும் 'ஸ்பேஸ்' வரைபடச் சேவை இலவசம், கைப்பேசியிலேயே திறக்கும். அஞ்சல் குறியீட்டை அடித்தால், அந்த நிலம் எந்தப் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டது, பிளாட் ரேஷியோ (மனையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளப் பரப்பு கட்டலாம் என்ற அளவு) எவ்வளவு என்று சில நொடிகளில் தெரிந்துவிடும். சிராங்கூன் ரோட்டில் கடை வைத்திருப்பவரும் டன்லப் ஸ்திரீட்டில் மாடியை வாடகைக்கு எடுத்திருப்பவரும் தங்கள் முகவரியை ஒருமுறையாவது போட்டுப் பார்க்க வேண்டும். பக்கத்து மனையில் தகரத் தடுப்பு எழும்பிய பிறகு பார்த்துப் பயனில்லை. அதற்குள் சட்டப்படி பேச வேண்டிய காலம் முடிந்திருக்கும்.

இங்கே உண்மையில் இரண்டு சேவைகள் இருக்கின்றன. நிலத்தின் எதிர்காலத்தைப் பார்க்கும் வசதி ஒன்று, அதில் உடன்பாடு இல்லையென்றால் ஆட்சேபம் சொல்லும் வழி இன்னொன்று. முதலாவது மிகச் சிறப்பு. இரண்டாவது வேலை செய்கிறது, ஆனால் அதைப் பயன்படுத்தத் தெரிந்தவருக்கு மட்டும்.

முதலில் வரைபடம். பெருந்திட்டம் (நாட்டின் நிலப் பயன்பாட்டுத் திட்டம்) என்ற அடுக்கைத் திறந்தால் நிறங்கள் வரும். நீலம் வணிகம், வெளிர் ஆரஞ்சு குடியிருப்பு, பச்சை பூங்கா, மஞ்சள் இன்னும் முடிவு செய்யாமல் ஒதுக்கி வைத்த நிலம். நிலத்தின் மேல் உள்ள எண்தான் பிளாட் ரேஷியோ. 3.0 என்றால், 1,000 சதுர மீட்டர் மனையில் எல்லா மாடிகளையும் சேர்த்து 3,000 சதுர மீட்டர் வரை கட்டலாம். பலர் இதை மூன்று மாடி என்று படித்துவிடுகிறார்கள், அது தவறு. மனையில் பாதியை மட்டும் மூடிக் கட்டினால் அதே 3.0-க்குள் ஆறு மாடி எழும்பும். உயரத்துக்குத் தனிக் கட்டுப்பாடு இருக்கிறதா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

அடுத்த தடுமாற்றம், பெருந்திட்ட அடுக்கை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்வது. மரபுக் கட்டடப் பாதுகாப்பு எல்லை தனி அடுக்கு, அதையும் போட்டுப் பார்த்தால்தான் படம் முழுமையாகும். தேக்கா இருக்கும் லிட்டில் இந்தியா 1989 ஜூலை 7 அன்று அரசிதழில் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. வரலாற்று வட்டாரம் என்ற வகையில் வருவதால் இங்குள்ள கடைவீட்டை முன்கட்டு, பின்கட்டு, ஐந்தடிப்பாதை (கடைமுன் கூரையிட்ட நடைபாதை) எல்லாவற்றோடும் காக்க வேண்டும். சற்றுத் தள்ளி, 1991-இல் அறிவிக்கப்பட்ட ஜாலான் புசார் பகுதி வேறு வகை. அங்கே முன்கட்டைக் காத்துக்கொண்டு பின்புறத்தில் உயரமான புதிய இணைப்பைக் கட்ட இடமுண்டு. நடந்து போகும் தூரத்தில் இரண்டு விதி! வட்டார எல்லைக் கோடு எங்கே ஓடுகிறது, அது நகர்ந்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் வெறும் காகித விவகாரம் அல்ல. வீட்டு உரிமையாளருக்கு அது கூடுதல் தளப் பரப்பு. வாடகைக்கு இருக்கும் பூக்கடைக்காரருக்கும் மசாலாக் கடைக்காரருக்கும் அது அடுத்த ஒப்பந்தத்தின் வாடகை.

பெருந்திட்டம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்யப்படுகிறது. அடுத்த 10 முதல் 15 ஆண்டு வரையிலான நிலப் பயன்பாட்டை அதுதான் தீர்மானிக்கிறது. இதன் கனத்தை உணர ஃபேரர் பார்க்கைப் பார்த்தால் போதும். அங்கே ஏறத்தாழ 1,600 வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகள் வரும் என்று 2022-இல் செய்தி வந்தபோது பந்தாடும் திடல் போகிறதே என்று பலர் வருந்தினார்கள். வருத்தம் நியாயமானதே. ஆனால் அந்த நிலம் 1998 பெருந்திட்டத்திலேயே குடியிருப்புக்கென்று குறிக்கப்பட்டிருந்தது. திடல் பச்சையாக இருந்தது, வரைபடத்தில் அது பச்சையாக இல்லை.

டோவர் காட்டின் கதையும் அப்படித்தான் தொடங்கியது. சுமார் 33 ஹெக்டர், 2003 முதல் குடியிருப்பு நிலம் என்றே குறிக்கப்பட்டது. அங்கே வீடு கட்டும் திட்டம் வந்தபோது குடியிருப்பாளர்களும் இயற்கை ஆர்வலர்களும் எழுதினார்கள். அந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் கிறிஸ்டஃபர் டி சூசாவும் காட்டைக் காக்க வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசினார். கருத்துச் சொல்லும் காலம் 2021 பிப்ரவரி 1 வரை நீட்டிக்கப்பட்டது. அந்த ஆண்டு ஜூலையில் முடிவு வந்தது: கிழக்குப் பாதியில் வீடுகள், மேற்குப் பாதியை இப்போதைக்குத் தொடுவதில்லை. முழு வெற்றி இல்லை, ஆனாலும் பாதிக் காடு நிற்கிறது. பொறுப்பில் இருக்கும் ஒருவர் மக்களோடு சேர்ந்து எதிர்க்குரல் கொடுப்பது எவ்வளவு பெரிய பலம் என்பதை இங்கே கண்டோம்.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் பொறுப்பில் இருப்பவர் இப்படி எதிர்ப்பதற்குப் பணம் சார்ந்த காரணமும் உண்டு. அங்கே ஒரு வட்டாரத்தை நகரச் சீரமைப்பு வட்டாரமாக அறிவித்தால், அந்த ஆண்டின் சொத்து மதிப்பை அடிப்படையாக நிறுத்திவிடுவார்கள். பிறகு மதிப்பு ஏறும்போது வரும் கூடுதல் வரி அந்த வட்டாரத்துக்கே போகும். எல்லையை விரிவாக்கினால் இன்னும் பல மனைகளின் வரி வளர்ச்சி பள்ளி, தீயணைப்பு, கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) நிர்வாகம் ஆகியவற்றின் கைக்கு வராது. அதனால் கவுண்டி அதிகாரி ஒருவர் கூட்டத்தில் எழுந்து எந்த மனை, எவ்வளவு வரி, எத்தனை ஆண்டு என்று கணக்கோடு எதிர்ப்பார். சிங்கப்பூரில் சொத்து வரி அப்படிப் பிரிவதில்லை, உள்ளூர் வரி மன்றங்களும் இல்லை. ஆனால் கணக்கோடு எதிர்க்கும் அந்த முறை நமக்கும் பொருந்தும்.

இனி ஆட்சேப வழி. பெருந்திட்டத்தில் ஒரு திருத்தம் முன்வைக்கப்படும்போது அறிவிப்பு வெளியாகும், வரைபடம் பார்வைக்கு வைக்கப்படும். வழக்கமாகக் கிடைப்பது இரண்டு வாரம். அதற்குள் எழுத்துமூலம் ஆட்சேபம் போய்ச் சேர வேண்டும். பிறகு அது பரிசீலிக்கப்பட்டு, அமைச்சரின் ஒப்புதலோடு திருத்தம் நடப்புக்கு வரும். இரண்டு வாரம் மிகக் குறைவு என்பது எங்கள் உறுதியான கருத்து. காலை ஆறு மணிக்குக் கடை திறந்து இரவு பத்துக்கு மூடுபவர் அறிவிப்பைக் கண்டு, வீட்டுக்காரரிடம் கேட்டு, எழுதி அனுப்ப அது போதாது. அதோடு வரைபடத்தின் இடைமுகம் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறது. இந்தச் சேவையின் மிகப் பெரிய குறை இதுதான். நில வகைகளின் பெயர்களையும் திருத்த அறிவிப்பின் சுருக்கத்தையும் தமிழில் போட்டாலே தேக்காவில் பாதிப் பேர் பயன்படுத்துவார்கள்.

நல்ல ஆட்சேபக் கடிதம் ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு. தொடக்கத்திலேயே திருத்த அறிவிப்பின் குறிப்பு எண், நிலத்தின் லாட் எண் (மனையின் பதிவு எண்), முகவரி. லாட் எண் உரிமைப் பத்திரத்தில் இருக்கும். நீங்கள் வாடகைதாரராக இருந்தால் உரிமையாளரிடம் கேட்டு வாங்குங்கள். அடுத்து எதை எதிர்க்கிறீர்கள் என்று பிரித்துச் சொல்லுங்கள்: பயன்பாட்டு மாற்றத்தையா, பிளாட் ரேஷியோவையா, உயரத்தையா, எல்லைக் கோட்டையா? 'வட்டாரத்தின் அடையாளம் கெடும்' என்று மட்டும் எழுதினால் பதில் சொல்வது எளிது. பின்சந்தின் அகலம் இத்தனை மீட்டர், காய்கறி லாரி இந்த நேரத்திலிருந்து இந்த நேரம் வரை நிற்கிறது, புதிய கட்டடத்தின் வாகன நுழைவு அங்கே வந்தால் சரக்கு இறக்க வேறு இடமில்லை என்று எழுதினால் அதை அளந்து பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். கடைசியில் மாற்று யோசனை ஒன்று வையுங்கள். நுழைவை வேறு தெருவுக்கு மாற்றலாம், தரைத் தளத்தைக் கடைகளுக்கென்று கட்டாயமாக்கலாம், எல்லைக் கோட்டை ஒரு வரிசை கடைவீடு தள்ளிப் போடலாம்.

ஒரே கடிதத்தை இருநூறு பேர் நகலெடுத்து அனுப்புவதைவிட, பத்துக் கடைக்காரர்கள் தத்தம் பாதிப்பைத் தனித்தனியே எழுதுவது மேல். கடிதத்தின் பிரதியை லிட்டில் இந்தியா கடைக்காரர்கள், மரபுடைமைச் சங்கமான லிஷாவுக்கும் கொடுங்கள். உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்கும் அந்த இரண்டு வாரத்துக்குள்ளேயே போய்விடுங்கள்.

வாடகைதாரர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தனியார் உரிமையாளர் கட்டடத்தை மாற்றிக் கட்டும்போது உங்கள் பாதுகாப்பு வாடகை ஒப்பந்தத்தில் உள்ளதுதான். திட்டமிடல் சட்டம் உங்களுக்கு இழப்பீடு தராது. திட்டமிடல் அனுமதியால் நிலத்தின் மதிப்பு ஏறினால் உரிமையாளர் கட்ட வேண்டிய நில மேம்பாட்டுக் கட்டணம், 2022 ஆகஸ்ட் முதல் சிங்கப்பூர் நில ஆணையத்துக்குப் போகிறது. கடைக்காரருக்கு அதில் பங்கில்லை. ஆகவே ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போதே மறுகட்டுமான விதியைப் படித்து, முன்னறிவிப்புக் காலத்தைக் கூட்டிக் கேளுங்கள்.

திரையில் பார்த்துப் புரியாதவர்கள் 45 மேக்ஸ்வெல் ரோட்டில் உள்ள சிட்டி கேலரிக்குப் போகலாம். கட்டணம் இல்லை, திங்கள் முதல் சனி வரை காலை 9 முதல் மாலை 5 மணி வரை. ஞாயிறும் பொது விடுமுறையும் மூடல். நகர மையத்தின் 1:400 மாதிரி அங்கே இருக்கிறது. கட்டடங்களின் உயரத்தை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்க வரைபடத்தைவிட அது தெளிவு. உங்கள் லாட்டைப் பற்றிய கேள்விக்கு மட்டும் வரைபடத்தையே நம்புங்கள்.