குடுவைச் செடிக்கு எந்தக் கலவை: பொள்ளாச்சி மட்டைச் சில்லு, நியூசிலாந்துப் பாசி, ஆயத்தக் கலவை

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு நர்சரிகளில் பூச்சியைப் பிடித்துண்ணும் குடுவைச் செடிகள் இப்போது தொங்கு தொட்டிகளில் பரவலாகக் கிடைக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை பிலிப்பைன்ஸ் நாட்டு இனங்களைக் கலந்து உருவாக்கிய ‘வென்ட்ராட்டா’ என்னும் கலப்பு வகை. நம் சமவெளியின் சித்திரை வெயிலையும் மார்கழிக் குளிரையும் தாங்கக்கூடியது என்பதால் இங்கே வளர்க்கத் தொடங்குவோருக்கு ஏற்ற செடி அது. செடியை வாங்கிய பிறகு அதை எதில் நட்டு வைப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். இதற்கென விற்கப்படும் மூன்று பொருள்களை, அதாவது இறக்குமதியாகும் ஸ்பேக்னம் பாசி, பொள்ளாச்சி வட்டாரத்துத் தேங்காய் மட்டைச் சில்லு, பூச்சியுண்ணும் செடிகளுக்கான ஆயத்தக் கலவை ஆகியவற்றை வாங்கி, ஊறவைத்து, உப்பை அளந்து, செடிகளை அவற்றில் வளர்த்துப் பார்த்து இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கொங்குச் சமவெளியில் வளர்ப்பவர்களுக்கு முறையாக உப்பு நீக்கிய மட்டைச் சில்லே அடிப்படைப் பொருளாக இருக்க வேண்டும், பாசி அதற்குத் துணை, ஆயத்தக் கலவை தேவையில்லை.

நெப்பந்தஸ் என்று தாவரவியலில் பெயர்பெற்ற இந்தச் செடிகள் போர்னியோ, சுமத்ரா, பிலிப்பைன்ஸ் காடுகளில்தான் மிகுதியாக வளர்கின்றன. இலங்கையில் டிஸ்டிலட்டோரியா என்ற இனமும், இந்தியாவில் மேகாலயத்தின் காரோ, காசி, ஜெயின்தியா மலைகளில் காசியானா என்ற ஒரே இனமும் உண்டு. சத்து வறண்ட மண்ணில் வாழ வேண்டியிருந்ததால், தழைச்சத்தைப் பூச்சிகளிடமிருந்து பெறும் வகையில் இலை நுனியையே குடுவையாக மாற்றிக்கொண்ட இனம் இது. ஆகவே இதன் வேர் உரத்தைத் தேடும் வேர் அன்று. மெல்லியதாகவும் எளிதில் ஒடிவதாகவும் இருக்கும் அந்த வேருக்குக் காற்றும் ஈரமும் ஒரே நேரத்தில் வேண்டும். உப்பும் சுண்ணாம்பும் ஆகா. நலமான வேரே கறுப்பு நிறம்தான் என்பதால், தொட்டி மாற்றும்போது அதை அழுகல் என்று நினைத்து வெட்டிவிடக் கூடாது. செம்மண்ணோ கரிசலோ, சுக்கான் கல் விரவிக் கிடக்கும் நம் தோட்டத்து மண் எதுவும் இந்தச் செடிக்கு உதவாது. மண்புழு உரமும் வேப்பம் புண்ணாக்கும் கலந்து ரோஜாவுக்கு வைக்கும் கலவை அதைவிடக் கேடு செய்யும்.

முதலில் பாசி. நியூசிலாந்திலிருந்தும் சிலியிலிருந்தும் உலர்த்தி அழுத்திய கட்டிகளாக வரும் நீளிழை ஸ்பேக்னம் பாசி, தன் எடையைப் போல ஏறக்குறைய இருபது மடங்கு நீரைப் பிடித்துக்கொள்ளும் ஆற்றல் உடையது. நல்ல தரமான 150 கிராம் கட்டி நனைந்து விரிந்தால் 12 லிட்டர் அளவுக்கு வரும். உள்ளே வெற்றுக் கூடுகளாக நிற்கும் உயிரற்ற செல்கள்தாம் இந்த நீரைத் தாங்குகின்றன. இழைகளுக்கு இடையே காற்றும் தங்குகிறது. இயல்பிலேயே புளிப்புத் தன்மை உண்டு. உப்பு மிகக் குறைவு. வாங்கி நனைத்து உடனே பயன்படுத்தக்கூடிய ஒரே பொருள் இதுதான் என்பதை மனமாரச் சொல்வேன். நாற்றுகளுக்கும், வெட்டி நடும் தண்டுகளுக்கும், வழியில் வாடி வந்து சேர்ந்த செடிகளுக்கும் இதற்கு நிகரில்லை.

ஆயினும் வளர்ந்த செடிக்குத் தொட்டி முழுவதும் பாசியையே நிரப்புவதை நான் ஏற்கவில்லை. விலை அதற்கு முதற் காரணம் அன்று. நம் வெப்பத்தில் தினமும் நீர் ஊற்றப்படும் பாசி ஓரிரு ஆண்டுகளில் இழை உடைந்து அமுங்கிக் கூழாகிவிடுகிறது. அதன்பின் அடித்தொட்டியில் காற்றுப் புகுவதில்லை. மேலும், ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்றில் ஒருமுறை முழுவதும் காய்ந்துவிட்டால் பாசி சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விலகிக்கொள்கிறது. பிறகு ஊற்றும் நீர் ஓரமாகவே வழிந்து போய்விடும்; தொட்டியையே நீரில் அமிழ்த்தி எடுத்தால்தான் நடுப்பகுதி நனையும்.

ஸ்பேக்னம் என்ற பெயரில் உள்ளூரில் விற்கப்படும் பச்சைப் பாசியைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். மரப்பட்டையிலும் பாறையிலும் சுரண்டி எடுத்துக் காயவைத்த காட்டுப் பாசி அது. பெரும்பாலும் வேறு இனம். அது நீரைத் தாங்குவதும் இல்லை, நீடிப்பதும் இல்லை. நீலகிரியிலும் ஆனைமலையிலும் சோலைக்காடுகளின் ஈரத்தைக் காக்கும் அந்தப் போர்வையைப் பெயர்த்து வந்து தொட்டியில் அடைப்பது, செடி வளர்க்கிறவர் செய்யத்தக்க செயல் அன்று. விலை குறைவு என்பதற்காக இதை யாரும் வாங்க வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி மட்டைச் சில்லு. பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலை வட்டாரங்களில் நார் மில்களும் நார்க்கழிவுக் கட்டி செய்யும் களங்களும் நிறைந்திருக்க, நாம் கடல் கடந்து வரும் பொருளையே நம்பியிருக்கத் தேவையில்லை. ஆனால் இங்கே இரண்டு பொருள்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கோகோபீட் என்று கடைகளில் விற்பது நாரைப் பிரித்த பின் எஞ்சும் தூள். 5 கிலோ கட்டி நனைந்தால் 70 லிட்டருக்கு மேல் வரும் அந்தப் பொருள் நீரை நன்றாகப் பிடிக்கும் என்றாலும் குடுவைச் செடியின் வேரைச் சேறுபோல மூடிக்கொள்ளும். நமக்கு வேண்டியது மட்டையையே அரை அங்குல அளவுக்கு வெட்டிய சில்லு. சில்லுக்குள் இருக்கும் பஞ்சு ஈரத்தை வைத்துக்கொள்ள, சில்லுகளுக்கு இடையே உள்ள வெளியில் காற்று நிற்கிறது. காய்ந்து போனாலும் மறுபடி எளிதில் நனைகிறது என்பது இதன் பெருஞ்சிறப்பு. ஆடிக் காற்றில் நிற்கும் மாடித் தொட்டிகளுக்கு இந்த ஒரு குணமே போதும்.

குறை என்று சொன்னால் உப்பு ஒன்றுதான். அதைச் சிறிதென்று விட்டுவிடவும் முடியாது. பொள்ளாச்சி கடலை விட்டு விலகி இருப்பதால் நம் மட்டையில் உப்பு இராது என்று பலர் எண்ணுகிறார்கள். தென்னையோ சாம்பல் சத்தையும் குளோரைடையும் இயல்பாகவே மிகுதியாக உறிஞ்சும் மரம். வளர்ந்த நெட்டை மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 2 கிலோ பொட்டாஷ் இடும்படி வேளாண்மைப் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கிறது. நாம் இடும் அந்தப் பொட்டாஷ், பொட்டாசியம் குளோரைடுதான். உறிஞ்சியதில் பெரும்பங்கு மட்டையில் வந்து தங்குகிறது. நான் வாங்கிய சில்லை மழைநீரில் ஊறவைத்தபோது முதல் நீர் தேநீர் நிறத்தில் இறங்கியது. நீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரின் அளவு குடுவைச் செடி தாங்கும் எல்லையைப் பல மடங்கு தாண்டி நின்றது. விற்ற களத்தில் இதைக் கேட்டதற்கு, “மூணு தண்ணி மாத்துங்க, உப்பு எறங்கிப் போயிரும்ங்க” என்றார்கள். தக்காளிக்கும் வெள்ளரிக்கும் அது போதுமான அறிவுரை. குடுவைச் செடிக்குப் போதாது.

காரணம் இதுதான். நீரில் கரைந்து நிற்கும் உப்பு, நீரை மாற்ற மாற்றப் போய்விடும். ஆனால் பொட்டாசியமும் சோடியமும் ஒரு பகுதி சில்லின் பரப்பிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்; வெறும் நீர் அவற்றை முழுவதும் பெயர்க்காது. கால்சியமோ மக்னீசியமோ அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால்தான் அவை வெளியேறும். ஏற்றுமதிக்குப் போகும் தரமான கட்டிகளைக் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்துப் பதப்படுத்துவது இதற்காகத்தான். வீட்டில் செய்வதானால் உரக்கடையில் கிடைக்கும் மக்னீசியம் சல்பேட்டை லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம் வீதம் கரைத்து, நன்றாக அலசிய சில்லை அதில் ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் மழைநீரிலோ ஆர்ஓ நீரிலோ மீண்டும் மீண்டும் அலச வேண்டும். கடைசியாக ஊறிய நீரின் டிடிஎஸ், ஊற்றிய நீரின் அளவை விட 50 பிபிஎம்முக்கு மேல் கூடாதபோது நிறுத்தலாம். இது உழைப்பைக் கேட்கிற வேலை. இருந்தாலும் ஒருமுறை ஒரு மூட்டையை இவ்வாறு தயாரித்து உலர்த்தி வைத்துக்கொண்டால் பல தொட்டிகளுக்கு வரும். வாங்கும்போது குறைந்த ஈசி (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்து திறன்) உள்ள சரக்கு என்று கேட்டு, 0.5 மில்லிசீமன்ஸுக்குள் இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் அலசும் வேலை பாதியாகக் குறையும்.

ஆயத்தக் கலவையைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. நான் இணையத்தில் வாங்கிய பொட்டலத்தின் மேல் பூச்சியுண்ணும் செடிகள் அனைத்துக்கும் ஏற்றது என்று அச்சிடப்பட்டிருந்தது. என்னென்ன பொருள், எந்த விகிதம், உப்பின் அளவு என்ன என்ற எந்த விவரமும் இல்லை. பிரித்தபோது பெரும்பகுதி கோகோபீட் தூளாகவும், அதனுடன் பொடியான பெர்லைட்டும் (சூட்டில் பொரித்த எரிமலைப் பாறையின் வெண்குருணை), மண்புழு உரத்தின் வாடையும் இருந்தன. அனைத்துக்கும் ஏற்றது என்ற வாசகமே அடிப்படையில் பொருந்தாதது. வீனஸ் பூச்சிப்பொறி தேங்கிய ஈரத்தில் வாழும் சதுப்புச் செடி; குடுவைச் செடிக்கு நீர் வந்து வடிந்து போக வேண்டும். இரண்டையும் ஒரே கலவையில் வைக்கச் சொல்லும் பொருளை நான் பரிந்துரைக்க மாட்டேன். வேறொருவர் தயாரித்த கலவை நல்லதாகவும் இருக்கலாம்; அப்படியானால் பொருள்களின் பெயர் பொட்டலத்தின் மேல் இருக்க வேண்டும்.

துணைப் பொருள்களில் பெர்லைட்டைப் பருமனாகப் பார்த்து வாங்க வேண்டும். பொடி பெர்லைட் நீர் ஊற்ற ஊற்ற மேலே மிதந்து வந்துவிடும். மூட்டையைப் பிரித்ததும் நீர் தெளித்துவிட்டால் அதன் தூசு மூச்சில் ஏறாது. காங்கேயம் பக்கத்தில் எளிதில் கிடைக்கும் கொட்டாங்குச்சிக் கரி நல்ல பொருள். சிறு துண்டுகளாக உடைத்து, சாம்பல் முழுவதும் போகும்வரை கழுவிச் சேர்க்கலாம். சாம்பல் காரத்தன்மை உடையது என்பதால் கழுவாத கரி புளிப்பைக் கெடுத்துவிடும்.

என் தொட்டிகளில் நிலைத்துவிட்ட விகிதம், அளவுக் கணக்கில், மட்டைச் சில்லு 4 பங்கு, பருமனான பெர்லைட் 2 பங்கு, நறுக்கிய பாசி 2 பங்கு, கரி 1 பங்கு. மேலே ஒரு விரல் தடிமனுக்குப் பாசியைப் போர்த்துவேன். கோவை, பல்லடம், தாராபுரம் போன்ற காற்று மிகுந்த இடங்களில் இந்தப் போர்வை அவசியம். வால்பாறையிலோ கூடலூரிலோ வளர்ப்பவர்கள், மழை விடாது பெய்யும் இடமாதலால், பாசியைப் பாதியாகக் குறைத்து அந்த இடத்தில் சில்லையே சேர்ப்பது நல்லது. தொட்டி பிளாஸ்டிக்காக இருக்கட்டும். மண் தொட்டியின் சுவரில் உப்புப் படியும். சிமென்ட் தொட்டியிலிருந்து சுண்ணாம்பு கசியும்.

கலவை எவ்வளவு தூயதாக இருந்தாலும், ஆழ்குழாய்க் கிணற்று நீரை ஊற்றினால் சில மாதங்களிலேயே அது உப்பேறிவிடும். சிறுவாணி நீர் வரும் வீடுகளுக்கு இந்தக் கவலை குறைவு. மற்றவர்கள் ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடித்து வைக்கலாம் அல்லது ஆர்ஓ இயந்திரத்தின் குடிநீரை ஊற்றலாம். அதன் கழிவு நீரை ஒருபோதும் ஊற்றக் கூடாது. குடுவை விடவில்லை என்றவுடன் கலவையை மாற்ற முனைவதும் சரியன்று. புதிய இலை பெரிதாகவும் பச்சையாகவும் வந்து நுனி மட்டும் கருகினால், குறை பெரும்பாலும் காற்றின் வறட்சியிலோ வெளிச்சத்திலோ இருக்கும். இலை ஓரங்கள் பழுப்பேறி, புதிய இலைகள் ஒவ்வொன்றும் முந்தியதை விடச் சிறுத்து வந்தால் வடிநீரின் டிடிஎஸ்ஸை அளந்து பாருங்கள். அளவு ஏறியிருந்தால் மழைநீரைத் தொட்டி வழியே தாராளமாக ஓடவிட்டு அலசலாம். சில்லு மக்கித் தூளாகத் தொடங்கியிருந்தால், ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, வேர்களை உதறாமல் அப்படியே தூக்கிப் புதிய கலவைக்கு மாற்றி, புது இலை விரியும்வரை நிழலில் வைக்க வேண்டும்.