ரீமேப், பிக்கிபேக், ஸ்பீடுயினோ: மாற்றியமைத்த பழைய எஸ்டீமுக்கு எது?

என்னிடம் இருப்பது 2003 மாருதி எஸ்டீம். கேம்ஷாஃப்ட் மாற்றியாச்சு, 4-2-1 ஹெடர் போட்டாச்சு, ஹெட்டைத் திறந்து போர்ட் வேலையும் செய்தாச்சு. பெட்ரோலைத் தெளிக்கும் கம்பெனி இன்ஜெக்டர்களை எடுத்துவிட்டு பெரிய அளவில் நான்கு உட்கார்ந்திருக்கிறது. இவ்வளவையும் செய்துவிட்டு, பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் கணக்குப் போடும் கம்ப்யூட்டர் பெட்டியான கம்பெனி ஈ.சி.யூவை அப்படியே வைத்து ஓட்டிப் பார்த்தேன். தண்டையார்பேட்டையிலிருந்து கிளம்பி மணலி போய்த் திரும்புவதற்குள் நான்கு பிளக்கும் கரி. பெரிய இன்ஜெக்டர் வந்திருப்பது அந்தப் பெட்டிக்குத் தெரியாதே. பழைய கணக்குப்படி அதே நேரம் திறந்து வைத்தால் பெட்ரோல் கொட்டத்தான் செய்யும்.

இந்தக் கணக்கை மாற்ற மூன்று வழி இருக்கிறது. மூன்றையும் நானோ என் கூட்டாளிகளோ செய்து பார்த்திருக்கிறோம். என் அளவுகோல் ஒன்றுதான்: பெட்டிக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று என் கண்ணால் பார்க்க முடிய வேண்டும்.

முதலில் ரீமேப். கம்பெனி ஈ.சி.யூவில் இருக்கும் பெட்ரோல் டேபிள், ஸ்பார்க் டேபிள்களைப் படித்து, திருத்தி, திரும்ப எழுதுவது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்த பிறகு வாங்கிய வண்டி என்றால் நான் இதைத்தான் சொல்வேன். அந்த வண்டிகளில் ஈ.சி.யூ தனியாள் இல்லை. ஏ.பி.எஸ்., மீட்டர், இம்மொபிலைசர் என்று எல்லாவற்றோடும் ஒரே வயரில் பேசிக்கொண்டிருக்கும். அதைக் கழற்றி வேறு பெட்டி வைத்தால் டேஷ்போர்டு முழுக்க விளக்கு எரியும். ஆனால் வீட்டில் உட்கார்ந்து நாமே செய்ய இது தோதான வேலை இல்லை. பூட்டு பலமானது. உள்ளே போனாலும் வெறும் எண்களாகத்தான் தெரியும். எந்த டேபிள் எங்கே என்று சொல்லும் கோப்பு தனியாகக் கிடைக்க வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது பேட்டரி இறங்கினால் பெட்டியே செத்துவிடும். என் எஸ்டீமுக்கு அந்தக் கோப்பை எங்கே தேடியும் எனக்குக் கிடைக்கவில்லை.

கூட்டாளி ஒருவன் தன் டர்போ பெட்ரோல் வண்டியை ஒரு கடையில் கொடுத்து 'ஸ்டேஜ் 1' என்ற ரீமேப் போட்டான். டைமிங், அதாவது ஸ்பார்க் விழும் நேரம், எத்தனை டிகிரி ஏற்றினீர்கள் என்று கேட்டதற்கு, "அதெல்லாம் எங்க ஃபைல் தம்பி, காட்ட மாட்டோம்" என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாவது மாதம் இரண்டாவது சிலிண்டரில் பிஸ்டன் உடைந்தது. அந்த ஃபைல்தான் காரணமா என்று இன்றுவரை அவனால் சொல்ல முடியவில்லை. எனக்கு அவன் செலவழித்த காசைவிட அதுதான் வலிக்கிறது.

இரண்டாவது, பிக்கிபேக். சென்சருக்கும் ஈ.சி.யூவுக்கும் நடுவில் ஒரு சின்னப் பெட்டி. சென்சர் சொல்வதைக் கொஞ்சம் மாற்றி ஈ.சி.யூவிடம் சொல்லும். அரைமணி நேரத்தில் மாட்டலாம், வண்டியை விற்கும்போது கழற்றியும் விடலாம். கையில் சோல்டரிங் பழக்கம் இல்லாதவர்கள் இதைத்தான் முதலில் வாங்குவார்கள். எனக்கு இதில் உள்ள பயத்தைச் சொல்கிறேன். பெரிய இன்ஜெக்டருக்காகப் பெட்ரோலைக் குறைக்க வேண்டும் என்றால், மேனிஃபோல்டில் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சரின் வோல்டேஜை இது குறைத்துக் காட்டும். ஈ.சி.யூ, லோடு குறைவு என்று நம்பி பெட்ரோலைக் குறைக்கும். அதே நம்பிக்கையில் ஸ்பார்க் டைமிங்கை முன்னால் தள்ளும். லோடு குறைந்தால் அட்வான்ஸ், அதாவது ஸ்பார்க்கை முன்னால் தள்ளும் அளவு, கூட்டுவதுதான் டேபிளின் வழக்கம். நிஜத்தில் என்ஜின் முழு லோடில் இருக்கிறது, டைமிங்கோ சும்மா போகும் வண்டிக்கானது. அங்கேதான் நாக்கிங் ஆரம்பிக்கும், அதாவது பெட்ரோல் கட்டுப்பாடில்லாமல் வெடித்து என்ஜின் தட்டும். ஒரு பொய் சொன்னால் இரண்டு இடத்தில் கணக்கு உதைக்கிறது. போதாததற்கு, ஆக்ஸிஜன் சென்சரைப் பார்த்து ஈ.சி.யூ கொஞ்ச நாளில் தானே திருத்திக்கொண்டு, நாம் செய்த மாற்றத்தைப் பாதி அழித்துவிடும். பெரிய கேம், பெரிய இன்ஜெக்டர் போட்ட வண்டிக்கு பிக்கிபேக் வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது, கம்பெனிப் பெட்டியை ஓரம் வைத்துவிட்டு நாமே கட்டும் ஈ.சி.யூ. இதில் இரண்டு பெயர் முக்கியம். மெகாஸ்கொயர்ட் என்பது புரூஸ் பௌலிங், அல் கிரிப்போ என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கியது. வீட்டில் இருந்தே ஈ.சி.யூ கட்டலாம் என்ற தைரியத்தை உலகம் முழுக்கப் பலருக்குக் கொடுத்தது அதுதான். ஸ்பீடுயினோ பிறகு வந்தது, ஆஸ்திரேலியாக்காரர் ஜோஷ் ஸ்டூவர்ட் தொடங்கியது. கடையில் கிடைக்கும் ஆர்டுயினோ மெகா 2560 என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டின் மேல் ஓடும், 16 மெகாஹெர்ட்ஸ் சிப், நிரலும் வரைபடமும் திறந்தே கிடக்கிறது.

வசதி என்று பார்த்தால் மெகாஸ்கொயர்ட் 3 தான் மேல். போர்டிலேயே எஸ்.டி. கார்டு இருப்பதால் லேப்டாப் இல்லாமலே லாக் (சென்சர் அளவுகளின் பதிவு) எடுக்கலாம். டர்போ, நாக் சென்சர் என்று போகிறவர்கள் அதையே பார்க்கலாம். ஆனால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும், சுங்க வரி சேரும், கெட்டுப்போனால் மறுபடி அதே காத்திருப்பு. ஸ்பீடுயினோவில் மூளை செத்தால் தண்டையார்பேட்டையில் மெட்ரோ ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, ரிச்சி ஸ்ட்ரீட் போய் இன்னொரு மெகா போர்டை வாங்கிக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். டர்போ இல்லாத என் நாலு சிலிண்டர் என்ஜினுக்கு அது போதும். நான் ஸ்பீடுயினோவுக்குப் போனேன்.

கிராங்க் புல்லியில் 36-1 பல்சக்கரம் பொருத்தினேன், அதாவது 36 பல்லில் ஒன்று இல்லாதது. அந்த இடைவெளியை வைத்துத்தான் பெட்டி கிராங்க் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்கும். இக்னிஷன் காயிலும் கனெக்டர்களும் புதுப்பேட்டையில் எடுத்தவை. பெட்டிக்குள் எழுத உதவும் லேப்டாப் மென்பொருளான டியூனர்ஸ்டுடியோவைத் திறந்தால் பெட்ரோல் டேபிளில் 16க்கு 16, மொத்தம் 256 கட்டம். ஒவ்வொன்றிலும் ஓர் எண். முதல் நாள் அதைப் பார்த்து மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தபோது, காசிமேட்டில் ஷெட் வைத்திருக்கும் பெரியவர் எட்டிப் பார்த்தார். சோழவரத்தில் ரேஸ் நடந்த காலத்தில் கார்புரேட்டர் ஜெட் மாற்றிய கை. "ஜெட் மாத்துற வேலைதான்பா இது. எங்களுக்கு நாலு ஜெட், உனக்கு எரநூத்தி சொச்சம். பிளக்கப் பாரு, மொதல்ல டைமிங் லைட் புடி" என்றார். அவர் சொன்ன வரிசை முழுக்கச் சரி. டைமிங்கை 10 டிகிரியில் பூட்டி, புல்லி மார்க்கில் லைட் அடித்துப் பார்த்தால் திரையில் 10, புல்லியில் 18. அப்படியே விட்டிருந்தால் டேபிளில் நான் எழுதும் ஒவ்வொரு எண்ணும் 8 டிகிரி பொய்யாகியிருக்கும்.

வைட்பேண்ட் சென்சர் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது. வண்டியோடு வரும் நேரோபேண்ட் சென்சர் 0.45 வோல்ட்டை ஒட்டி மேலும் கீழும் தாவி, ரிச்சா (பெட்ரோல் அதிகம்) லீனா (பெட்ரோல் குறைவு) என்று மட்டும் சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. பாஷ் எல்.எஸ்.யூ. 4.9 மாதிரி ஒன்றைப் போட்டால் அளவே தெரியும். மீட்டரை லாம்டாவில் வையுங்கள்; சரியான கலவை என்றால் அது 1 காட்டும். முழுதாக எரியத் தேவையான காற்று-பெட்ரோல் விகிதம் சுத்தப் பெட்ரோலுக்கு 14.7, இப்போது பங்கில் வரும், 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20க்கு ஏறக்குறைய 13.5. லாம்டா இரண்டுக்கும் 1 தான். பழைய விகித எண்ணை நம்பி இன்ஜெக்டர் கணக்கு போட்டவர்கள், தெரியாமலே லீனாக ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு விஷயம். வெளிநாட்டுக்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதும் குளிர் ஸ்டார்ட் நமக்குப் பெரிய தொல்லையே இல்லை. மார்கழி விடியற்காலையில்கூட 20 டிகிரிக்கு ரொம்பக் கீழே இறங்குவது அபூர்வம். நமக்குத் தொல்லை சூட்டு ஸ்டார்ட். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் வரிசைக்கு நடுவே அரைமணி நேரம் ஊர்ந்து, டீக்கடையில் பத்து நிமிடம் நிறுத்தி, திரும்ப சாவி போட்டால் ஐடில் நடுங்கும், ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இருமும். லாக்கைப் பார்த்தேன்: காற்று வெப்ப சென்சர் 67 டிகிரி காட்டுகிறது. மேனிஃபோல்டின் சூட்டில் சென்சர் வெந்துபோயிருக்கிறது, உள்ளே போகும் காற்று அவ்வளவு சூடு இல்லை. காற்று லேசாகிவிட்டது என்று நம்பி பெட்டி பெட்ரோலைக் குறைக்கிறது. சென்சரை திராட்டிலுக்கு முன்னால் பிளாஸ்டிக் குழாயில் மாற்றி, 50 டிகிரிக்கு மேல் திருத்தக் கோட்டைத் தணித்தேன். நடுக்கம் போய்விட்டது. ரீமேப் கடையில் இதற்காக எத்தனை முறை போய் நின்றிருப்பேன்!

இன்னொன்று கடல் காற்று. ஒரு வருடத்திலேயே கிராங்க் சென்சர் பின்னில் பச்சை பூத்து, 4,000 ஆர்.பி.எம்.மில் சிக்னல் விட்டுவிட்டு வந்தது. ரப்பர் சீல் உள்ள கனெக்டருக்குக் காசு பார்க்காதீர்கள். பெட்டியைத் தரையில் வைக்காமல் டேஷ்போர்டுக்குள் உயரத்தில் வையுங்கள். வியாசர்பாடி சுரங்கப்பாதையில் மழைத்தண்ணீர் எவ்வளவு வேகமாக ஏறும் என்று நமக்குத் தெரியும்.

முழு திராட்டில் கட்டங்களை ரோட்டில் சரிசெய்யக் கூடாது. வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்டி அளக்கும் டைனோவில் செய்யுங்கள், அல்லது இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் நாள் எடுங்கள். ஓட்டுபவர் ஓட்டட்டும், லேப்டாப் பக்கத்து சீட்டில் இருப்பவர் மடியில் இருக்கட்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. அதைப் படித்துவிட்டு ஸ்பேனரை எடுங்கள்.

கம்பெனி வயரிங்கை மட்டும் வெட்டிவிடாதீர்கள். நான் நடுவில் ஒரு அடாப்டர் கட்டினேன். பழைய ஈ.சி.யூவும் நான்கு பழைய இன்ஜெக்டரும் துணியில் சுற்றி பரணில் இருக்கின்றன. ஒரு மாலை வேலையில் வண்டி பழையபடி ஆகிவிடும். போன மாதம் அதையும் ஒரு முறை மாட்டி, ஓட்டிப் பார்த்துவிட்டேன்.