கோடை முடிகையில் எதைச் சுடுவது: மூடியுள்ள கரி அடுப்பு ஒன்றின் மதிப்புரை

உருண்டை வடிவில் மூடியோடு வரும் 57 சென்டிமீட்டர் பார்பிக்யூ கரி அடுப்பு ஒன்றை இந்தக் கோடையின் தொடக்கத்தில் வாங்கினேன். இருபது முறைக்கு மேல் அதில் சமைத்த பிறகு, மாலைகள் குறுகிக் காற்றில் குளிர் ஏறத் தொடங்கியிருக்கும் இப்போதுதான் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். நல்ல வெயிலில் எந்த அடுப்பும் நன்றாகவே எரியும். ஒரு மூட்டைக் கரியும் இரண்டு மூன்று விடுமுறை நாட்களும் மட்டுமே மிஞ்சியிருக்கையில், எதைச் சுட்டால் அந்தக் கரிக்குப் பயன் கிடைக்கும் என்று யோசிக்கும்போதுதான் அடுப்பின் தரம் தெரிகிறது.

இந்த அடுப்பின் உயிர் அதன் மூடியில் இருக்கிறது. 1952ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், தாம் வேலை பார்த்த உலோகப் பட்டறையில் செய்யப்பட்ட மிதவைகளின் வடிவத்தைக் கொண்டே இத்தகைய உருண்டை அடுப்பை உருவாக்கினார்; திறந்த அடுப்பில் காற்றும் சாம்பலும் கொடுத்த தொல்லையே அதற்குத் தூண்டுதல். அடியிலுள்ள துளைகள் வழியே காற்று நுழைந்து தணலை ஊதுகிறது. மூடியிலுள்ள துளை வழியே புகை வெளியேறுகிறது. இடையில் சிக்கும் வெப்பம் இறைச்சியை எல்லாப் பக்கங்களிலிருந்தும் சூழ்கிறது. குளிர்காற்று வீசும் மாலையில் திறந்த அடுப்பின் சூடு பாதிக்கு மேல் வீணாவதை நான் முன்பு பலமுறை பார்த்திருக்கிறேன். மூடியிட்ட இந்த அடுப்பு அதே காற்றிலும் நிலையாக நிற்கிறது. கரி மட்டும் வெயில் நாட்களைவிடச் சற்றுக் கூடுதலாகச் செலவாகிறது.

ஆகவே பருவத்தின் கடைசி நாட்களுக்கு, மூடி இல்லாமலேயே வெந்துவிடக்கூடிய எதையும் நான் தேர்ந்தெடுப்பதில்லை. பர்கர், மெல்லிய இறைச்சித் துண்டுகள், எலும்பில்லாத கோழி நெஞ்சுக்கறி ஆகியவை பத்துப் பதினைந்து நிமிடங்களில் முடிந்துவிடும். அவற்றுக்காக அரை மணி நேரம் கரியைக் கனலவைப்பது எனக்கு மனம் ஒப்பாத செலவு. நெஞ்சுக்கறியில் வேறொரு சிக்கலும் உண்டு. கோழியின் உள்வெப்பம் 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. நெஞ்சுக்கறியோ அந்த அளவைச் சிறிது தாண்டினாலே வறண்டு நாராகிவிடும்.

நான் மனமார்ந்து பரிந்துரைப்பது எலும்போடு கூடிய ஆட்டுத் தோள்கறி. எந்நேரமும் உழைக்கும் தசை என்பதால் அதில் இணைப்புத் திசு மிகுதி. அவசரமாகச் சுட்டால் அது ரப்பர் போல இருக்கும். பல மணி நேரம் மிதமான சூட்டில் வைத்தால் அந்தத் திசுவிலுள்ள கொலாஜன் என்னும் புரதம் உருகி ஜெலட்டினாகி, கறியைப் பஞ்சு போல ஆக்கிவிடும். முந்தைய இரவே உப்பைத் தடவிக் குளிர்பதனப் பெட்டியில் மூடாமல் வைத்துவிடுகிறேன். உப்பு உள்ளே இறங்குவதோடு மேற்பரப்பும் உலர்ந்து, பின்னர் நன்கு சிவக்கும். மறுநாள் கரிக்கட்டிகளை அடுப்பின் ஓரமாக இரண்டிரண்டாக, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருக்குமாறு அரைவட்டத்துக்குச் சற்றுக் கூடுதலாக அடுக்கி, ஒரு முனையில் மட்டும் பத்துப் பன்னிரண்டு கனன்ற கட்டிகளை வைக்கிறேன். நெருப்பு அந்த வரிசை வழியே மெல்ல ஊர்ந்து செல்லும். கறி மறுபுறத்தில், தணல் இல்லாத இடத்தின் மேல் இருக்கும். கடந்த மாதம் இரண்டு கிலோ தோள்கறியை இப்படி வைத்தபோது, கம்பி வலையின் மட்டத்தில் 120 முதல் 130 டிகிரி வரை வெப்பம் ஆறு மணி நேரத்துக்கு நிலைத்தது; கீழ்த்துளையை இருமுறை மட்டுமே சரிசெய்தேன்.

இடையில் ஒரு கட்டம் வரும். உள்வெப்பம் 70 டிகிரியை ஒட்டி வந்ததும் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அசையாமல் நின்றுவிடும். கறியின் மேற்பரப்பிலிருந்து ஆவியாகும் ஈரம், நெருப்பு தரும் சூட்டுக்கு ஈடாகக் குளிர்விப்பதே காரணம். அடுப்பில் குறையொன்றும் இல்லை. அப்போது பதறிக் கரியைக் கொட்டவோ, மூடியைத் திறந்து திறந்து பார்க்கவோ கூடாது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சூடு வெளியேறுவதோடு, புதிய காற்று புகுந்து தணலும் சீறி எழும். 93 டிகிரியில், கத்தி தடையின்றி உள்ளே இறங்கியபோது எடுத்தேன். எலும்பு கையோடு கழன்று வந்தது.

அவ்வளவு பொழுது இல்லாதவர்களுக்குக் கோழித் தொடை போதும். 74 டிகிரியில் உண்ணத்தக்கதாகிவிடும் என்றாலும் 80ஐத் தாண்டிய பிறகே தொடைக்கறியின் மென்மை வெளிப்படுகிறது. சற்றுக் கூடுதலாக வெந்தாலும் அது கெடுவதில்லை. முதலில் தணலற்ற பக்கத்தில் மூடியிட்டு வேகவைத்து, இறுதியில் தோலைத் தணலின் நேர்மேலே காட்டினால், கொழுப்பு சொட்டித் தீப்பிடிக்கும் தொல்லை பெரிதும் குறையும். மீனை நான் இந்த அடுப்பில் இருமுறை சுட்டேன். வலையில் ஒட்டிக்கொண்டதால் மீண்டும் முயலவில்லை.

இனிக் குறைகள். மூடியில் பதித்த வெப்பமானியை நம்ப வேண்டாம். அது குவிமாடத்தின் உச்சியிலுள்ள சூட்டைக் காட்டுகிறது, கறி இருக்கும் இடத்தின் சூட்டையல்ல. என் அடுப்பில் இரண்டுக்கும் 25 டிகிரி வரை வேறுபாடு இருந்தது. தனி ஊசி வெப்பமானி வாங்குவதைச் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அடியிலுள்ள சாம்பல் தட்டு ஆழமற்றது. காற்றுள்ள நாளில் சாம்பல் பறந்து துணியில் படிகிறது. கால்களில் ஒன்று மூன்றாம் மாதத்திலேயே தளர்ந்துவிட்டது. திருகாணியை முடுக்கிச் சமாளிக்கிறேன். கிண்ணத்தின் பீங்கான் பூச்சு மட்டும் இன்றுவரை ஒரு கீறலின்றி இருக்கிறது.

குளிர் காரணமாக அடுப்பை வீட்டுக்குள்ளோ கார் கொட்டகைக்கோ கொண்டுபோக யாரும் எண்ணிவிட வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். அணைந்தது போலத் தோன்றும் கரியும் கார்பன் மோனாக்சைடை வெளிவிடும், அதற்கு மணமோ நிறமோ கிடையாது. பருவம் முடிந்து மூடிவைக்கும்முன், நன்றாக ஆறிய சாம்பலை முழுவதும் அகற்றுங்கள். சாம்பல் ஈரத்தை இழுத்து உலோகத்தை அரிக்கும்.

என்னிடம் மிஞ்சியிருக்கும் மூட்டையில் ஒரு முறைக்கான கரியே இருக்கிறது. அதில் மீண்டும் தோள்கறிதான். கறியை எடுத்து அரை மணி நேரம் ஆறவிடும் வேளையில், எஞ்சிய தணலின் மேலேயே முழுக் கத்தரிக்காய்களை, வெடிக்காமலிருக்கக் கத்தியால் நான்கைந்து இடங்களில் குத்திவிட்டு, போடப்போகிறேன். தோல் கருகி, காம்பருகே அழுத்தினால் குழையும்வரை வைத்து, உரித்து, உப்பும் எண்ணெயும் சேர்த்து மசித்தால், அதில் ஏறியிருக்கும் புகைமணம் கறிக்கு ஈடாகவே நிற்கும்.