ராஸ்பெர்ரி ஷேக் 1டி: ரிக்டர் அளவு கணக்கிட நம்பலாமா?

ராஸ்பெர்ரி ஷேக் 1டி, உள்ளங்கையில் அடங்கும் நிலநடுக்கமானிப் பெட்டி. உள்ளே தரை அசைவை மின்குறியாக்கும் 4.5 ஹெர்ட்ஸ் ஜியோபோன் ஒன்று, அந்தக் குறியை எண்களாக்கும் 24 பிட் டிஜிட்டைசர், ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி. நொடிக்கு 100 மாதிரிகள் எடுக்கும். செங்குத்து அசைவு மட்டும். ஜியோபோனின் கீழ்வரம்பை மின்சுற்றால் 1 ஹெர்ட்ஸுக்கும் கீழே இறக்கியிருக்கிறார்கள். பதிவு, நிலநடுக்கத் தரவுக்கான மினிசீட் கோப்பு வடிவில் கிடைப்பதால், அதை அலசும் ஆப்ஸ்பை பைத்தான் நிரல் தொகுப்பில் அப்படியே திறக்கும்.

விலைக்குப் பெரிய லாபம், கூடவே வரும் ரெஸ்பான்ஸ் கோப்புதான்: கருவி தரும் எண் எவ்வளவு தரை அசைவைக் குறிக்கிறது என்று அது சொல்லும். அது இல்லாத மலிவு சென்சார்களில் வரும் எண்களை வைத்து ரிக்டர் அளவு சொல்ல முடியாது.

கணக்குக்கு முதலில் பதிவின் சராசரியைக் கழித்து, அதன் இரு முனைகளையும் படிப்படியாகத் தணித்து, ரெஸ்பான்ஸை (கருவியின் தாக்கத்தை) நீக்கி, தரவை நொடிக்கு மீட்டர் என்ற வேகமாக்க வேண்டும். 0.5 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வடிகட்டாமல் ரெஸ்பான்ஸை நீக்கினால், கடலலைகள் கிளப்பும் 0.2 ஹெர்ட்ஸ் நடுக்கம் பூதாகரமாகிச் சின்ன அதிர்வை விழுங்கிவிடும். அடுத்து அதை, ரிக்டர் தன் அளவை வரையறுக்கப் பயன்படுத்திய பழைய வுட்-ஆண்டர்சன் கருவியின் பதிவாக மாற்றுங்கள்: இயல்புக் காலம் 0.8 நொடி, உருப்பெருக்கம் 2080. பழைய நிரல்களில் 2800 இருக்கும். அப்படியே விட்டால் விடை 0.13 ஏறும்.

நிலநடுக்கத்தில் இரண்டாவதாக வந்து சேரும் எஸ் அலையின் உச்சத்தை நடுக்கோட்டிலிருந்து அளக்க வேண்டும். உச்சியிலிருந்து பள்ளம் வரை அளந்தால் 0.3 கூடிவிடும், அடிக்கடி நடக்கும் பிழை இது. முதலில் வரும் பி அலைக்கும் எஸ் அலைக்கும் இடைப்பட்ட நொடிகளை 8-ஆல் பெருக்கினால் கி.மீ.-இல் தூரம் ஏறத்தாழக் கிடைக்கும். இடைவெளி 10 நொடி, வுட்-ஆண்டர்சன் பதிவில் வீச்சு 2 மி.மீ. என்று வையுங்கள். தூரம் 80 கி.மீ.; தூரத்தால் அலை தேய்வதை ஈடுகட்டும் 1987-இன் ஹட்டன்-பூர் திருத்தப்படி அளவு 3.2. இடைவெளி மட்டுமே தேவை என்பதால் கடிகாரம் கொஞ்சம் பிசகினாலும் இந்தக் கணக்கு கெடாது.

இனி குறைகள். வுட்-ஆண்டர்சன் கிடைமட்டக் கருவி. எஸ் அலை பெரும்பாலும் கிடைமட்டத்தில்தான் வலுவாக ஆடும். செங்குத்தை மட்டும் பார்க்கும் இந்தப் பெட்டி, அளவைக் குறைத்தே காட்டும். ஹட்டன்-பூர் திருத்தமோ தென் கலிஃபோர்னியாவுக்கானது. தென்னிந்தியா போன்ற பழைய பாறை நிலத்தில் அலைகள் மெதுவாகத்தான் தேயும். அங்கே தூரத்து அதிர்வுகளுக்கு அளவு கூடிவிடும். ஒரே நிலையத்தின் எண்ணை நம்பாமல் நாலைந்து நிலையங்களின் நடுமதிப்பை எடுப்பதே சரி.

பெரிய நிலநடுக்கத்துக்கு இது ஆகாது. அருகில் வந்தால் அலையின் தலை வெட்டுப்பட்டு வீச்சு பொய்யாகும். தொலைவில் வந்தாலும், 7-ஐ நெருங்கும்போது இந்த அளவுகோலே தேங்கிவிடும், எண் அதற்கு மேல் சரியாக ஏறாது; அதற்கு நிலப்பிளவின் பரப்பையும் நகர்வையும் கணக்கில் எடுக்கும் திருப்புத்திறன் அளவு (மொமென்ட் மேக்னிடியூட்) வேண்டும், அதைத் தரும் தாழ்ந்த அதிர்வெண்கள் இந்த ஜியோபோனுக்கு எட்டாது.

அளவு கணக்கிடவே வாங்குபவர்கள், காசு இடம் கொடுத்தால், மூன்று ஜியோபோன் உள்ள 3டி-யை எடுக்கலாம். வலுவான அதிர்வுப் பகுதியில் இருப்பவர்களுக்கு முடுக்கமானிகளும் சேர்ந்த 4டி.